இடப்பக்கத்து முன்சில்லு

இயேசு மரி சூசை துணை

பருத்தித்துறை,
வியாழன் இரவு.

அன்பு மாறாத மச்சான் ஜஸ்ரினுக்கு, உமது அக்காவைக் கட்டிய கிறகோரி எழுதுவது.

இங்கே நானும் உமது அக்கா யோசப்பினும் ஆண்டவர் கிருபையால் சுகம். கோழிகளும் சுகம், கிணற்று மோட்டரும் இந்த மாதம் சுகம். அங்கே பாரிஸில் நீரும் உமது மனைவி பிள்ளைகளும் குளிருக்கு மூடிக்கட்டிக்கொண்டு நலமாக இருக்கவேண்டுமென்று மாதாவை மன்றாடுகிறோம். கையில் தொலைபேசி இருக்க இந்த மனிதன் ஏன் தாளும் பேனையுமாகக் குந்தியிருக்கிறார் என்று நீர் யோசிப்பீர். தொலைபேசியில் நீர் ஜீப்பைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், நான் வாய் திறக்க முதல் உமது அக்கா அதைப் பறித்து, "ஜீப்புக்கு என்ன, ராசா மாதிரி நிக்குது" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்ற கதைக்குப் போய்விடுகிறார். குரல்பதிவு அனுப்பலாம்தான். போன முறை உமக்கென்று நான் பேசிய பதிவு கை தவறிக் கோயில் குழுவுக்குப் போய், ஜீப்பைப் பற்றியும் அதை உமக்கு விற்ற மனிதரைப் பற்றியும் நான் சொன்னவற்றைக் கோயில் சனம் முழுவதும் கேட்டது. சுவாமியார் அதற்குக் கீழே கைகூப்புகிற படம் ஒன்று போட்டிருந்தார். ஆகவே கடிதம். எங்கள் ஒழுங்கையில், பக்கத்து வீட்டில் இருக்கும் கதிரவேலு மாஸ்ரரின் மகள் உதயகலா நாளைக்கு உங்கள் ஊருக்குப் பயணம். இதை உமது கையில் தருவார்.

ஜீப் விஷயத்துக்கு வருகிறேன். ஆவணி விடுமுறையில் வந்து நின்றபோது நீர் ஆசைப்பட்டு வாங்கி, மேலிருந்து கீழ்வரை வெள்ளிப் பெயின்ற் அடிப்பித்து, எங்கள் கொட்டிலில் விட்டுப்போன அந்தச் சின்ன ஜீப்பை நான் சொந்தப் பிள்ளையைப்போல்தான் பார்த்துவந்தேன். காணிப் பதிவகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு வாகனமென்றால் ஏறுவதும் இறங்குவதும்தான் நன்றாகப் பழக்கம். இருந்தாலும் சாரதி அனுமதிப்பத்திரம் உண்டு, ஓட்டவும் தெரியும். போகமுதல் நீர் என்னைக் கொட்டிலுக்குக் கூட்டிப்போய், "அத்தான், மாசத்திலை ஒருக்கா மணலுக்கை கொண்டுபோய் நாலு சில்லையும் இழுக்க விடுங்கோ. இல்லாட்டி இறுகிப்போடும்" என்றீர். சாதாரணமாக ஜீப்பைப் பின்சில்லு இரண்டும்தான் தள்ளும் என்றும், மணலில் முன்சில்லுகளும் சேர்ந்து இழுக்கவேண்டுமானால் கியர் தடிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் தடியைப் பின்னுக்கு இழுக்கவேண்டும் என்றும், அதோடு கீழே இறங்கி, முன்சில்லு இரண்டின் நடுவிலும் காஸ் சிலிண்டர் திருகியைப்போல் இருக்கிற வட்டப் பூட்டையும் திருப்பவேண்டும் என்றும் காட்டித்தந்தீர். பூட்டைத் திருப்பாவிட்டால் சில்லு சும்மா உருளுமாம், இழுக்காதாம். எந்தப் பக்கம் திருப்புவது என்று நான் கேட்டேன். நீர் தொலைபேசியில் யாருடனோ கதைத்தபடி, "முன்னுக்கு, அத்தான். ஜீப் போற பக்கம்" என்றீர். நான் அதை அப்படியே மனதில் பதிந்துகொண்டேன். பதிவது என் தொழில்.

முதல் மழை விழுந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணற்காட்டில் இருக்கிற என் தங்கை றெஜினாவைப் பார்க்க நானும் உமது அக்காவும் ஜீப்பில் போனோம். அவளது வீட்டுக்குக் கொஞ்சம் இப்பாலேயே தார் றோட்டு முடிந்து மணல் தொடங்கிவிடும். நான் ஒழுங்காக இறங்கி வலப்பக்கப் பூட்டை முன்னுக்குத் திருப்பினேன். சுற்றிப் போய் இடப்பக்கப் பூட்டையும் முன்னுக்குத் திருப்பினேன். ஏறி உட்கார்ந்து சின்னத் தடியை இழுத்ததும் கண்ணுக்கு முன்னால் பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. நாலு சில்லும் சேர்ந்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம் என்றும் நீர் சொல்லியிருந்தீர். உமது அக்காவுக்கு அதைப் பெருமையாகக் காட்டினேன். ஜீப் மணலில் இறங்கி, ஒரு பனை உயரத் தூரம் போய், பின்னால் இருந்துகொண்டது. முன்சில்லுகள் சும்மா நிற்க, பின்சில்லுகள் இரண்டும் நண்டு வளை தோண்டுவதைப்போலத் தோண்டின. பச்சை விளக்கு மட்டும் குறையில்லாமல் எரிந்தது. உமது அக்கா சன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாலு சில்லும் இழுக்கேக்கையே இப்பிடியெண்டால், ரண்டு இழுத்திருந்தால் இவ்வளவுக்கு நாங்கள் பூமிக்குள்ளை." கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஆட்கள் வந்து ஜீப்பைக் கையால் தூக்கி றோட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். சின்ன ஜீப் என்பதில் உள்ள நன்மை அது ஒன்றுதான்.

அதன்பிறகு நெல்லியடியில் கராஜ் வைத்திருக்கிற வாகீசனிடம் கொண்டுபோனேன். அவன் ஜீப்பைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நான் சொன்னதைக் கேட்டான். பிறகு கண்ணைத் திறந்து, "ஐயா, உது பெட்டி" என்றான். "என்ன பெட்டி?" என்றேன். "கியர் பெட்டிக்குப் பின்னாலை இன்னொரு பெட்டி கிடக்கு. அதுக்குள்ளையிருந்துதான் முன்னுக்குப் போற விசை பிரியிறது. பல்லுத் தேஞ்சிருக்கும். இறக்கித்தான் பாக்கவேணும்." இறக்கினான். நான் ஒவ்வொரு நாளும் பஸ் ஏறிப் போய், நோயாளியைப் பார்க்கப் போனவனைப்போல் ஜீப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். பெட்டியைத் திறந்தபோது உள்ளே பற்கள் எல்லாம் இருந்தன. என்னுடையவற்றைவிட நல்ல நிலையில் இருந்தன. வாகீசனுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். கழுவித் துடைத்துத் திரும்பப் பூட்டினான். பூட்டிய பிறகு தடியை இழுத்தால் இப்போது பச்சை விளக்கும் எரியவில்லை. எங்கள் இருவருக்கும் முகம் கறுத்துவிட்டது. கடைசியில் பார்த்தால் விளக்குக்குப் போகிற வயரைக் கொழுவ மறந்திருக்கிறான். கொழுவினான், எரிந்தது. "பாத்தீங்களோ ஐயா, இப்ப நாலும் வேலை செய்யுது!" என்று அவன் கையைத் தூக்க, நானும் மகிழ்ச்சியில் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். முதலில் ஜீப்புக்கு இருந்த வருத்தம் விளக்கைப் பற்றியது அல்ல என்பது எனக்கு மந்திகைச் சந்தி தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அப்படியே நேராக மணற்காட்டுக்கு விட்டேன். அதே இடத்தில் அதே மாதிரிப் புதைந்தது. அதே ஆட்கள், நான் கூப்பிட முதலே, வலையை வைத்துவிட்டு எழும்பி வந்தார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் கதிரவேலு மாஸ்ரர் வந்து சேர்ந்தார். பௌதிகவியல் படிப்பித்து இளைப்பாறியவர். வேலியால் எட்டி எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர், "கிறகோரி, ஊகத்திலை பெட்டி கழட்டப்படாது. சோதனை செய்யவேணும்" என்றார். சோதனை இதுதான்: ஒரு முன்சில்லை ஜக் வைத்துத் தூக்குவது, ஜீப்பைக் கியரில் போட்டு, சின்னத் தடியையும் இழுத்துவிடுவது, பிறகு தூக்கிய சில்லைக் கையால் சுற்றிப் பார்ப்பது. அசையாமல் நின்றால் சில்லு இணைந்திருக்கிறது. சும்மா சுற்றினால் இணையவில்லை. வலப்பக்கத்து முன்சில்லை, அது நிழல் பக்கமாக இருந்தபடியால், தூக்கினோம். அது குழந்தைப்பிள்ளையின் காற்றாடியைப்போல் சுற்றியது. "பிடிச்சிட்டம்" என்றார் மாஸ்ரர். வலப்பக்கத்துப் பூட்டைக் கழற்றினோம். உள்ளே ஒரு பழுதும் இல்லை. கிறீஸ் பூசித் திரும்பப் பூட்டினோம். சுற்றினோம். சுற்றியது. திரும்பக் கழற்றினோம், திரும்பக் கிறீஸ் பூசினோம். மாஸ்ரரின் வேட்டியில் இப்போதும் அந்தக் கிறீஸ் இருக்கிறது. அவரது மனைவி என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். மூன்றாம் முறையும் சில்லு சுற்றியபோது மாஸ்ரர் எழும்பி, கையைத் துவாயில் துடைத்து, "இது எனக்குத் தெரிஞ்ச பௌதிகத்துக்கு விரோதமாக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து ஒழுங்கையில் என்னைக் கண்டால் அவர் வேறு விஷயம் கதைப்பார். நானும் ஜீப்பைச் சாக்கால் மூடிவிட்டேன். ராசா மாதிரித்தான் நின்றது.

இனி இன்று நடந்ததைச் சொல்கிறேன். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், அது புயலாகி இன்று இரவு கரைக்குக் கிட்ட வரும் என்று மூன்று நாளாக வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போக வேண்டாம், வள்ளங்களை மேலே ஏற்றுங்கள் என்று எல்லாக் கரைக்கும் அறிவித்தல். போன வருடப் புயலில் றெஜினாவின் வள்ளம் போனது உமக்குத் தெரியும். விடிய இவள் போய்ப் பார்த்தபோது கயிறு மட்டும் கட்டையில் கிடந்தது. அதற்குப் பிறகு அவளது புருஷன் ஜெரிசன் எத்தனையோ மாதம் மற்றவனின் வள்ளத்தில் ஏறிப் போய் வந்து, இந்தச் சித்திரையில்தான் புது வள்ளம் இறக்கினார்கள். இறக்கிய வருடமே ஜெரிசன் கடற்பாறையில் வழுக்கி விழுந்து, இப்போது கால் மாவுக்கட்டில். இன்று காலை றெஜினா தொலைபேசியில் எடுத்தாள்.

"அண்ணை, இஞ்சை வள்ளம் இழுக்கிற உழவு மிசின் உடைஞ்சுபோச்சு. அவையவைக்குத் தங்கடை வள்ளத்தை இழுக்கவே கை காணாது. இவர் காலோடை இருக்கிறார். ஜீப்பைக் கொண்டு வாங்கோ."

"பிள்ளை, அது மணலிலை இழுக்காது."

"இழுக்காட்டியும் கொண்டு வாங்கோ."

கொட்டிலுக்குப் போய்ச் சாக்கை இழுத்தேன். உமது அக்கா செபமாலையும் எடுத்து, கோழிக்குத் தண்ணீரும் வைத்துவிட்டு வந்து ஏறினார். ஒழுங்கை முகப்பில் கதிரவேலு மாஸ்ரர் குடையோடு நின்றார். மகளின் பயணச் சாமான் வாங்கப் போகிறவர் என்று நினைத்தேன். "நானும் வாறன். எனக்கு நித்திரை வரேல்லை கிறகோரி, அந்தச் சில்லாலை" என்று சொல்லிப் பின்னால் ஏறிவிட்டார்.

கரைக்குப் போனபோது கடல் சாம்பல் நிறம். அலை வழக்கமாக வந்து திரும்புகிற இடத்தைத் தாண்டி, மீன்வாடிக் கொட்டில்களின் கால்வரை வந்துகொண்டிருந்தது. ஆட்கள் வள்ளத்துக்கு இருபது பேர், பதினைந்து பேர் என்று பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். றெஜினாவின் வள்ளம் எல்லாவற்றுக்கும் கடைசியில், பின்பக்கம் தண்ணீரில். ஜெரிசன் மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி மீன்பெட்டி ஒன்றின்மேல் இருந்து எல்லாருக்கும் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தான். ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை. நான் இறங்கி வலப்பக்கத்தை முன்னுக்குத் திருப்பி, இடப்பக்கத்தை முன்னுக்குத் திருப்பி, வள்ளத்தின் கயிற்றை ஜீப்பின் பின்கொழுக்கியில் கட்டி, அந்தோனியாரை நினைத்து மிதித்தேன். பச்சை விளக்கு எரிந்தது. பின்சில்லுகள் தோண்டின. மணல் வள்ளத்துக்குள் போய் விழுந்தது. வள்ளம் அசையவேயில்லை. அடுத்த அலை வந்து அதைத் தூக்கிக் குத்தியபோது கயிறு விண்ணென்று இழுபட்டு, ஜீப்தான் பின்னுக்குக் கொஞ்சம் கடல் பக்கம் போனது.

அப்போது றெஜினா வள்ளத்துக்குள் ஏறி நடுப்பலகையில் இருந்துவிட்டாள்.

"இறங்கு பிள்ளை!" என்று கத்தினேன்.

"நான் இறங்கேல்லை. போறதெண்டால் ரண்டும் போகட்டும். இன்னொருக்கா விடிய வந்து கயித்தைப் பாக்க என்னாலை ஏலாது."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை, மச்சான். மீன் விலை சொல்வதைப்போலச் சொன்னாள். என் கால் கிளச்சிலிருந்து வழுகி, ஜீப் நின்றுபோனது. உமது அக்கா கரையில் நின்று, "அவளை இறக்கிறதை விட்டுட்டு வள்ளத்தை ஏத்துங்கோ!" என்றார். திரும்ப ஸ்ராட் பண்ணி மெல்ல விட்டேன். மீன்பெட்டியில் இருந்த ஜெரிசனின் கண் ஜீப்பின் அடிவயிற்று மட்டத்தில் இருந்திருக்கிறது.

"மச்சான், பொறுங்கோ! அப்பிடியே மெள்ள விடுங்கோ பாப்பம்... நடுவாலை ஒரு தண்டு முன்னுக்குப் போகுதெல்லோ? அது சுத்துது! முன்சில்லு ரண்டும் சும்மா நிக்குது!"

மாஸ்ரர் குடையைப் போட்டுவிட்டு மணலில் முழங்காலில் விழுந்து பார்த்தார். கிறீஸ் பட்ட வேட்டிக்கு இனி மணலால் ஒன்றும் ஆகாது. "சுத்துது! கிறகோரி, அப்ப பெட்டி சரி. விளக்கும் பொய் சொல்லேல்லை. விசை நடுத்தண்டு மட்டும் வருது. அங்கையிருந்து சில்லுக்குப் போற வழியிலைதான் துலையுது."

"வலப்பக்கத்தைத்தான் மூண்டுதரம் கழட்டினமே."

"ஓம், அதிலை ஒரு பிழையும் இல்லை."

"அப்ப?"

"இடப்பக்கத்தை ஆர் பாத்தது?" என்றார் உமது அக்கா.

உமது அக்கா எங்கள் பதிலுக்கு நிற்கவில்லை. இடப்பக்கத்துச் சில்லுக்கு முன்னால் குந்தி, ஈர மணலைக் கையால் அள்ளி, சட்டியின் கரி தேய்க்கிறதைப்போல அந்தப் பூட்டைத் தேய்த்தார். நீர் அடிப்பித்த வெள்ளிப் பெயின்ற் எல்லாவற்றையும் மூடியிருந்ததல்லவா? அது உரிய, கீழே ஒவ்வொரு ஆங்கில எழுத்தாக வெளியில் வந்தது.

"ஃபிறீ எண்டு கிடக்கு," என்றார்.

"ஃபிறீ எண்டால் நல்லதுதானே?" என்றேன் நான்.

"நல்லது, சும்மா திரியிறதுக்கு," என்றான் ஜெரிசன் பெட்டியிலிருந்து.

மாஸ்ரர் எழும்பி, வெறுங்கையை ஒரு பூட்டைத் திருப்புகிறமாதிரி வைத்துக்கொண்டு ஜீப்பைச் சுற்றி ஓடினார். வலப்பக்கத்தில் நின்று முன்னுக்குத் திருப்பிப் பார்த்தார். இடப்பக்கம் ஓடிவந்து முன்னுக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்தார். விஷயம் இதுதான், மச்சான். இரண்டு பூட்டையும் மணிக்கூட்டு முள் போகிற பக்கம் திருப்பினால்தான் பூட்டும். வலப்பக்கத்தில் நின்று முன்னுக்குத் திருப்பினால் அது மணிக்கூட்டு முள்ளின் பக்கம். இடப்பக்கத்தில் நின்று முன்னுக்குத் திருப்பினால் அது மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கம். ஆகவே நீர் சொன்னபடி நான் செய்த ஒவ்வொரு முறையும் வலது பூட்டியும் இடது திறந்தும் இருந்திருக்கிறது. ஒரு பக்கம் திறந்திருந்தால் விசை முழுவதும் அந்தப் பக்கத்தால் ஓடிவிடும், பூட்டிய பக்கத்துக்கு ஒன்றும் மிஞ்சாது என்றும், அதனால்தான் பிழையில்லாத வலதுசில்லு ஜக்கில் சும்மா சுற்றியது என்றும் மாஸ்ரர் அலைச்சத்தத்துக்கு மேலால் விளங்கப்படுத்தினார். "பௌதிகம் சரி! பௌதிகம் சரி!" என்று அவர் சொன்னதைக் கேட்ட கரைச்சனம் அதை ஏதோ மந்திரமென்று நினைத்திருக்கும்.

"அப்ப என்ரை தம்பி சொன்னது பிழையோ?" என்று உமது அக்கா நிமிர்ந்து கேட்டார்.

"பிழையில்லை. பாதி சரி," என்றேன். இதை நான் குற்றமாக எழுதவில்லை. அக்காவுக்கு முன்னால் உம்மை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பது உமக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

இடப்பக்கப் பூட்டைத் திருப்பினோம். உள்ளே "டக்" என்று ஒரு சத்தம். ஏறி மிதித்தேன். முன்சில்லு இரண்டும் மணலைப் பிறாண்டிப் பிடித்து, ஜீப் குழிக்குள்ளிருந்து ஆட்டுக்கிடாய் எழும்புகிறமாதிரி எழும்பியது. பின்னால் பாரம் வருவது தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன்: வள்ளம் தண்ணீரை விட்டு வெளியில் வருகிறது, உள்ளே றெஜினா இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் பிடித்தபடி நேராக இருக்கிறாள், ஜெரிசன் மாவுக்கட்டோடு எழும்பி ஒற்றைக்காலில் நின்று கத்துகிறான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதனால் எங்கே நிற்பாட்டுவது என்பதைக் கவனிக்கவில்லை. வாடிகளைத் தாண்டி, வலை காயவிட்ட கம்புகள் இரண்டைச் சாய்த்து, றோட்டைக் கடந்து, கோயில் வாசலில் போய்த்தான் நின்றேன். சுவாமியார் வெளியே வந்து பார்த்தார். வாசலில் வள்ளம், வள்ளத்துக்குள் றெஜினா. "இறங்குங்கோ மகள், வந்து சேர்ந்திட்டியள்" என்றார்.

அதற்குப் பிறகு கரையில் இருந்த எல்லாரும் கயிற்றோடு வந்துவிட்டார்கள். எங்கள் ஜீப்பை இரண்டுமுறை கையால் தூக்கியவர்களுக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பொழுது சாயும்வரை இழுத்தேன். எல்லா வள்ளமும் இப்போது கோயில் வளவுக்குள்ளும் வாசலிலும் நிற்கின்றன. வீட்டுக்கு வரும்போது நாலு சில்லையும் அப்படியே விட்டுத் தார் றோட்டில் ஓட்டியதால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஜீப் துள்ளியது. சின்னத் தடியும் இறுகிப்போய் வர மாட்டேன் என்றது. ஜீப்பைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால் இளகும் என்றார் மாஸ்ரர். எடுத்தேன், இளகியது, வேலி ஒன்றில் சிறிது பட்டது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். வாகீசனுக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "ஐயா, நான் பெட்டியைக் கழுவிப் பூட்டினபடியாலைதான் இண்டைக்கு இழுத்தது" என்றான். இருக்கலாம்.

மச்சான், இவ்வளவும் எழுதியது ஒரு விஷயத்துக்காகத்தான். எனக்கு வயது போய்விட்டது. இடது வலது யோசிக்கிற வயதல்ல. இந்த ஜீப்பை விற்றுவிடும். அல்லது நீர் வந்து எடுத்துப்போம். நான் பூட்டு இரண்டையும் திறந்து, தடியைத் தள்ளி, சாக்கால் மூடி, கொட்டிலையும் பூட்டித் திறப்பை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். நீர் வரும்வரை இந்தக் கையால் அதை இனித் தொடுவதில்லை என்று உமது அக்காவுக்கு முன்னால் சொல்லியும் விட்டேன். இன்று இரவு புயல் வரும் என்கிறார்கள். எங்கள் எல்லாருக்காகவும் கும்பிடும்.

உமது மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு முத்தம். அக்கா, தான் தனியே எழுதவில்லை, நான் எழுதியதில் பாதியை நம்பினால் போதும் என்று சொல்லச் சொல்கிறார்.

இப்படிக்கு,
உமது அத்தான்
கிறகோரி

பி.கு.: வெள்ளி காலை. உதயகலா கடிதத்துக்கு வந்து வாசலில் நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன். புயல் வரவில்லை. இரவோடு இரவாக வடக்கே திரும்பி இந்தியாப் பக்கம் போய்விட்டதாம். இங்கே கண் கூசுகிற வெயில், கடல் பீங்கான் மாதிரிக் கிடக்கிறது. காலைப் பூசைக்கு வந்த சனம் வள்ளங்களுக்கு நடுவால் ஒவ்வொருவராக நுழைந்து போயிருக்கிறார்கள். பொழுதுபட முதல் எல்லாவற்றையும் திரும்பக் கடலுக்கு இறக்கவேண்டும் என்று சுவாமியார் சொல்லிவிட்டார். நான் எழும்ப முதலே உமது அக்கா திறப்பை எடுத்து, மாஸ்ரரையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் போய்விட்டார். அக்காவுக்கு அனுமதிப்பத்திரம் இல்லை என்பதை நீர் அங்கே யாருக்கும் சொல்லவேண்டாம். நானும் இப்போது பஸ்ஸில் பின்னால் போகிறேன். விற்கிற பேச்சை விட்டுவிடும். நேற்று எழுதியது களைப்பில் எழுதியது. இப்போதுதான் ஜெரிசன் எடுத்தான். மற்ற வள்ளமெல்லாம் இறங்குகிறதாம், தங்களுடையதை இப்போதைக்கு அசைக்க வேண்டாமாம். றெஜினா இரவு முழுவதும் காற்றுக்குக் காது கொடுக்காமல் நித்திரை கொண்டாளாம். போன வருடத்துக்குப் பிறகு இதுதான் முதல் முறையாம். இன்னும் எழும்பவில்லையாம்.